பழைய பிராண்டட் டெஸ்க்டொப்புக்கு மதர்போட் மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி கொம்பாக் எலைட், எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று 2010 முதல் 2015 வரை வந்த அலுவலகக் கணினிகள் கொழும்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. டியூஷன் வகுப்பு, கொமியூனிகேஷன் கடை, சின்னக் கணக்காளர் அலுவலகம் எங்கே போனாலும் ஒன்று இருக்கும். அவற்றில் மதர்போட் (எல்லாப் பாகங்களும் கொழுவும் பெரிய பலகை, சுருக்கமாக ‘போட்’) பழுதானால் வரும் கேள்விகள் இவை.

பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. மதர்போட் போய்விட்டதா?

அப்படி முடிவெடுக்க அவசரப்படாதீர்கள். போட் வாங்கிப் பூட்டிய பிறகு பழுது பவர் சப்ளையில் இருந்தது தெரியவந்தால் காசும் போச்சு, போட்டையும் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

முதலில் பவர் சப்ளை. ஒப்டிபிளெக்ஸின் பல மாதிரிகளில் பின்பக்கம், வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், சின்ன பட்டனும் பச்சை லைட்டும் இருக்கும். பட்டனை அழுத்தி லைட் எரிந்தால் சப்ளை பெரும்பாலும் நல்லது. எரியாவிட்டால் போட்டுக்கும் டிரைவ்களுக்கும் போகும் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள். இப்போது எரிந்தால் சப்ளை உயிரோடு இருக்கிறது, கழற்றியவற்றில் ஏதோ ஒன்று அதைக் கீழே இழுக்கிறது. டிரைவ்களை விட்டுவிட்டு போட்டை மட்டும் கொழுவிப் பார்த்தால் ஆள் பிடிபடும்.

24 பின் பிளக் உள்ள மாதிரியாக இருந்தால் மல்டிமீட்டர் போதும். சுவரில் பிளக் செருகிய நிலையில் ஊதா வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வரவேண்டும். ஓடும்போது மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வரை. பச்சை வயரையும் கறுப்பையும் ஊசியால் தொடுத்து சப்ளையை ஓடவிடும் வித்தை 24 பின்னுக்கு மட்டும்தான். 6 பின், 8 பின் சப்ளைகளில் வயர் வரிசை வேறு, அங்கே கைவைக்காதீர்கள்.

அடுத்தது ராம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ராம் இல்லாமலே பவர் கொடுங்கள். கணினி பீப் அடித்து முறையிட்டால் அது நல்ல செய்தி. போட், பிராசசர், பயோஸ் (கணினியை எழுப்பும் உள் மென்பொருள்) மூன்றும் ராம் இல்லை என்று சொல்லும் அளவுக்காவது வேலை செய்கின்றன. அப்போது ராமின் தங்கக் காலை பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஒரே ஒரு துண்டை மட்டும் முதல் இடத்தில் போட்டுப் பாருங்கள். கடையில் ‘போட் செத்துவிட்டது’ என்று சொல்லப்பட்ட கணினிகளில் எழும்புபவை இப்படித்தான் எழும்புகின்றன.

பீப், சிவப்பு லைட் எதைச் சொல்கின்றன?

அந்தக் கால ஒப்டிபிளெக்ஸில் 1 பீப் என்றால் பயோஸ் கோளாறு, 2 என்றால் ராம் இல்லை, 3 என்றால் போட், 4 ராம் பழுது, 5 சிமொஸ் பற்றரி (போட்டில் உள்ள நாணய வடிவப் பற்றரி), 6 கிராபிக்ஸ், 7 பிராசசர். எச்பி எலைட் 8300 போன்றவற்றில் பவர் லைட் சிவப்பாக மினுங்குவதை எண்ணுங்கள்: 4 தடவை பவர் சப்ளை, 5 ராம், 6 கிராபிக்ஸ், 7 போட், 8 பயோஸ். இரண்டு மூன்று சுற்று பொறுமையாக எண்ணவேண்டும், முதல் சுற்றில் எல்லோருக்கும் பிழைக்கும்.

லைட்டும் இல்லை, பீப்பும் இல்லை, சப்ளையும் நல்லது, வேறு நல்ல ராம் போட்டும் அசையவில்லை என்றால்தான் போட்டைச் சந்தேகிக்கலாம்.

கடையில் புதிதாக ஒரு சாதாரண ஏடிஎக்ஸ் (பொது அளவு) போட் வாங்கி அதே பெட்டிக்குள் பூட்டினால் என்ன?

கேட்கச் சுலபம், செய்யப்போனால் ஒவ்வொரு மூலையிலும் முட்டும். பிராண்டட் பெட்டி தன் போட்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

பவர் பிளக்கைப் பாருங்கள். ஒப்டிபிளெக்ஸ் 7010இல் வழமையான 24 பின் இருக்கிறது. அடுத்து வந்த 9020இல் அது 8 பின்னாகிவிட்டது. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1இல் 6 பின். லெனோவோவின் அக்காலத்துப் பல மாதிரிகளில் 14 பின். 8 பின், 6 பின் வகைகளில் டிரைவ்களுக்கான கரண்டும் சப்ளையிலிருந்து நேராக வராமல் போட்டிலிருந்தே போகிறது. அதனால் போட்டை மாற்றினால் சப்ளை, சப்ளையை மாற்றினால் பெட்டி என்று இழுத்துக்கொண்டே போகும்.

பின்பக்கத் தகடு பல மாதிரிகளில் பெட்டியோடு சேர்ந்தே அடிக்கப்பட்டது, கழற்ற முடியாது. முன்பக்க பவர் பட்டன் வயர் டெல்லில் ஒரே பிளக்காக வரும், சாதாரண போட்டில் இரண்டு இரண்டு பின்னாகப் பிரிந்திருக்கும். டெல்லின் சில காற்றாடிகள் 5 பின். ஒப்டிபிளெக்ஸ் 745, 755, 780 வரிசையிலோ பிடிஎக்ஸ் என்ற வேறு அமைப்பே இருக்கிறது. இன்டெல் 2004இல் கொண்டுவந்து சில வருடங்களில் கைவிட்ட அமைப்பு அது. அந்தப் பெட்டிக்குள் ஏடிஎக்ஸ் போட் உட்காரவே உட்காராது.

24 பின் சப்ளையை பிராண்டட் போட்டுக்குக் கொடுக்கும் மாற்று வயர்கள் கிடைக்கின்றன. எச்பிக்கு வருவதில் 5 வோல்ட் காத்திருப்புக் கரண்டை 12க்கு உயர்த்தும் சின்ன சர்க்கிட் கோத்திருக்கும். மாதிரி எண்ணைச் சொல்லித்தான் வாங்கவேண்டும், பிளக் செருகுகிறதே என்பதற்காக வாங்கக்கூடாது.

சுருக்கமாக: அதே எண் போட் கிடைத்தால் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் பெட்டியையே விட்டுவிட்டு பிராசசர், ராம், டிரைவ் மூன்றையும் காப்பாற்றுங்கள்.

எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

‘டெல் 7010 போட்’ என்று கேட்டால் பிழையானது வரும். 7010 என்ற ஒரே பெயரில் உயரமான மினி டவர், படுக்கை டெஸ்க்டொப், ஒல்லியான எஸ்எப்எப், அதைவிடச் சின்ன யூஎஸ்எப்எப் என்று நான்கு உருவம், ஒன்றின் போட் பெரும்பாலும் மற்றதுக்குப் பொருந்தாது. போட்டிலேயே ஒட்டியிருக்கும் லேபளைப் பாருங்கள். டெல்லில் ‘சிஎன்-0’ என்று தொடங்கும் நீண்ட எண் இருக்கும். அந்த 0க்குப் பிறகு வரும் ஐந்து எழுத்துகள்தான் பாக எண். கடைசியில் வரும் ஏ00, ஏ01 திருத்த எண், அது வித்தியாசப்பட்டாலும் பெரும்பாலும் பாதகமில்லை.

எச்பியில் 6 இலக்கம், ஒரு கோடு, 3 இலக்கம். ஒரே போட்டுக்கு பொருத்து எண் ஒன்றும் உதிரிப்பாக எண் ஒன்றும் இருக்கும், இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். எலைட் 8300 எஸ்எப்எப்புக்கு 656933-001, 657094-001 இரண்டும் ஒரே போட்டைத்தான் குறிக்கின்றன. கோட்டுக்குப் பிறகு 501, 601 என்று முடிந்தால் அது விண்டோஸ் உரிமம் ஏற்றப்பட்ட போட். லெனோவோவில் எஃப்ஆர்யு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 7 எழுத்து எண்.

வாயால் சொல்வதைவிட லேபளை போனில் படமெடுத்துக் காட்டுவது நல்லது.

கொழும்பில் எங்கே தேடுவது?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் மாடிமாடியாக இருக்கின்றன. அங்கே புதுச் சாமானே அதிகம், ஆனாலும் பாவித்த பிராண்டட் கணினி விற்பவர்களும் திருத்துபவர்களும் உண்டு. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலக்ட்ரோனிக் சாமான் கிடைக்கும்: பற்றரி, தேர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை), கப்பாசிட்டர் வாங்க அதுவே போதும். கழற்றிய போட்டுகளுக்கு வெளிநாட்டிலிருந்து பாவித்த கணினிகளை மொத்தமாக இறக்கி விற்கும் கடைகளைக் கேளுங்கள்.

தனி போட்டைத் தேடி அலைய முன் அதே மாதிரி முழுக் கணினியின் விலையையும் கேட்டுப் பாருங்கள். போட்டின் விலை முழுக் கணினி விலையில் பாதியைத் தாண்டினால் கணினியையே வாங்குவது புத்தி. ஓடுகிறதைக் கண்ணால் பார்த்து வாங்கலாம், கூடவே சப்ளை, காற்றாடி, ராம் எல்லாம் உதிரியாகக் கையில் மிஞ்சும். உங்கள் டிரைவைக் கழற்றி அதில் போட்டால் பாதி வேலை முடிந்தது.

தனி போட்தான் என்றால் கடை மேசையிலேயே பிராசசர் இடத்தின் மூடியைத் திறந்து, போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் எல்ஜிஏ1155 வகை என்றால் 1155 நுண்ணிய பின்கள். வயல் நாற்று மாதிரி ஒரே திசையில் ஒரே சீராக மின்னவேண்டும். ஓரிடத்தில் மின்னல் விட்டுப்போனால் பின் வளைந்திருக்கிறது, வாங்காதீர்கள். பிறகு போட்டை பிராசசர் போட்டு ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். பயோஸுக்குள் போகும்போது பாஸ்வேர்ட் கேட்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் கழித்த கணினிகளில் அது வழமை.

வேலை தொடங்க முன் என்ன செய்யவேண்டும்?

டிரைவில் உள்ளதை வேறொரு இடத்தில் கொப்பி எடுங்கள். பிட்லொக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். அந்தப் பூட்டின் சாவி பழைய போட்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு பிணைந்தது, போட் போனால் டிரைவ் உங்களையே யார் என்று கேட்கும். கணினி இன்னும் இடைக்கிடை எழும்புகிறதென்றால் பயோஸில் சாட்டா ஒப்பரேஷன் (டிரைவைக் கையாளும் முறை) ரெய்டா ஏஎச்சிஐயா, பூட் முறை (விண்டோஸை எழுப்பும் முறை) யூஇஎஃப்ஐயா லெகசியா என்று படமெடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வரி பின்னால் ஒரு பின்னேரத்தையே மிச்சப்படுத்தும்.

ஆயுதங்கள்: 2ஆம் நம்பர் நட்சத்திர ஸ்குரூ டிரைவர், எச்பிக்கு டி15 டோர்க்ஸ், தேர்மல் பேஸ்ட், ஐசோபுரோப்பைல் அல்ககோல், நூல் உதிராத துணி, புதிய சிஆர்2032 பற்றரி. பற்றரியை எப்படியும் மாற்றிவிடுங்கள், பத்து வருடப் பற்றரியை வைத்துக்கொண்டு மணி பிழைக்கிறதே என்று மண்டையை உடைக்கவேண்டாம்.

மாற்றும் முறை என்ன?

சுவர் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போட்டில் எரியும் சின்ன லைட் அணையவேண்டும். அது எரியும் வரை கரண்ட் உள்ளே இருக்கிறது. பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருதரம் தொடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் நிலைமின் தொல்லை குறைவு, நாள்முழுக்க ஏசி ஓடும் அறையில் அப்படிச் சொல்லமுடியாது.

ஒவ்வொரு வயரையும் கழற்ற முன் படம். ஸ்குரூக்களை முட்டைத் தட்டில் குழிக்கொன்றாகப் போடுங்கள்: டிரைவ் ஸ்குரூவும் போட் ஸ்குரூவும் கலந்தால் பிழையான நூல் ஏறி ஓட்டை கெட்டுவிடும்.

பிராசசரின் சூட்டை உறிஞ்சும் உலோகத் துண்டான ஹீட்சிங்கை மேலே இழுக்காதீர்கள். பழைய பேஸ்ட் காய்ந்து சீமெந்து மாதிரிப் பிடித்திருக்கும். நான்கு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்காகத் தளர்த்தி, இடமும் வலமும் மெல்ல முறுக்கினால் தானாக விடும். பிராசசரை ஓரங்களில் மட்டும் பிடித்து எடுங்கள். புதுப் போட்டில் வைக்கும்போது தங்க முக்கோண மூலை பொருந்தவேண்டும், அழுத்தவே கூடாது, தன் பாரத்திலேயே உட்காரும். நெம்பை மூடும்போது ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும், பயப்படவேண்டாம், அது அப்படித்தான். கழற்றிய பிளாஸ்டிக் மூடியைப் பழைய போட்டில் போட்டுவிடுங்கள்.

போட்டை உள்ளே இறக்கும்போது பின்பக்க போர்ட்டுகளை முதலில் சரிவாகச் செலுத்துங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. தகட்டில் உள்ள மெல்லிய உலோக நாக்குகள் யூஎஸ்பி அல்லது லேன் போர்ட்டுக்குள் மடிந்து போய்விடும். பூட்டி முடித்தபின் யூஎஸ்பி வேலைசெய்யாததற்கும் சிலவேளை கணினியே எழும்பாததற்கும் அந்த நாக்கு காரணமாகும். ஸ்குரூ இறுக்க முன் பின்பக்கம் குனிந்து ஒவ்வொரு துவாரமாகப் பாருங்கள்.

பேஸ்ட் ஒரு பச்சைப்பயறு அளவு, நடுவில். பூசவேண்டாம், ஹீட்சிங் அழுத்தும்போது தானே பரவும். ஸ்குரூக்களைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

முதல் ஓட்டத்தில் டிரைவ் வேண்டாம். ஒரு ராம், காற்றாடி, பெரிய பவர் பிளக், பிராசசர் அருகிலுள்ள 4 பின் பிளக், போட்டிலேயே உள்ள திரைப் போர்ட். அந்த 4 பின்னை மறந்தால் காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். முதல் தடவை இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழும்பலாம். ராமை அளக்கிறது, ஒரு நிமிடம் விடுங்கள்.

எழும்புகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏதோ எச்சரிக்கை காட்டி நிற்கிறது.

எச்பியில் 512 என்றால் பின்பக்கக் காற்றாடி கொழுவப்படவில்லை, 917 முன்பக்க ஒலி வயர், 918 முன்பக்க யூஎஸ்பி வயர். டெல் முன்பக்க வயரையும் காற்றாடியையும் பற்றி எழுத்திலேயே சொல்லும். இவை பழுதல்ல, மறந்த வயர்கள். வேறு காற்றாடியைக் கொழுவி ஏமாற்றினால் முழு வேகத்தில் இரையும்.

விண்டோஸ் நீலத்திரை காட்டுகிறது. திரும்பவும் இன்ஸ்டோல் செய்யவேண்டுமா?

வேண்டாம். 0x7பி அல்லது பூட் சாதனத்தை அணுகமுடியவில்லை என்று வந்தால் பயோஸில் ரெய்டும் ஏஎச்சிஐயும் மாறியிருக்கின்றன. பழைய போட்டில் எது இருந்ததோ அதற்கு மாற்றினால் எழும்பும். படமெடுக்க மறந்தவர்கள் இரண்டையும் மாறிமாறிப் பார்க்கவும். பூட் சாதனமே இல்லை என்றால் யூஇஎஃப்ஐ, லெகசி மாறியிருக்கிறது.

உரிமம் என்னவாகும்?

கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் போட்டோடு கட்டப்பட்டது. பழுதுக்காக அதே மாதிரி போட் மாற்றினால் உரிமம் தொடரும், வேறு மாதிரி போட் என்றால் மைக்ரோசொப்ட்டின் கண்ணில் அது புதுக் கணினி. விண்டோஸ் 8 முதல் சாவி பயோஸுக்குள்ளேயே எழுதப்படுகிறது, ஆகவே பாவித்த போட் தன் பழைய சாவியோடு வரலாம். டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசொப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால், அக்டிவேஷன் பக்கத்தில் ‘அண்மையில் ஹாட்வெயார் மாற்றினேன்’ என்பதைத் தெரிவுசெய்து மீட்டுப் பார்க்கலாம்.

அலுவலகமென்றால் இன்னொன்று. லேன் போர்ட்டின் மேக் முகவரி (வலையமைப்பில் அதன் அடையாள எண்) மாறுகிறது. கணக்கு மென்பொருளின் உரிமம் அதில் தொங்கிக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் போட் மாற்றாதீர்கள்.

பாவித்த போட்டில் வேறு ஆளின் சீரியல் எண்ணும் பாஸ்வேர்டும் இருக்கின்றனவே?

எச்பியில் செக்கியூரிட்டி மெனுவின் கீழ் சிஸ்டம் ஐடிஸ் என்ற இடத்தில் பெட்டி லேபளில் உள்ள எண்களை அடிக்கலாம். டெல்லிலும் லெனோவோவிலும் அந்தந்த நிறுவனத்தின் சேவைக் கருவி தேவை. எண் மாறாவிட்டாலும் கணினி ஓடும். பாஸ்வேர்டுக்கு டெல்லில் ‘பிஎஸ்டபிள்யூடி’ என்ற ஜம்பரும் (போட்டில் இரு பின்களை இணைக்கும் சின்ன மூடி), எச்பி எலைட் வரிசையில் ‘இ49’ ஜம்பரும் உண்டு. பற்றரியைக் கழற்றுவதால் மட்டும் போகும் என்று எண்ணவேண்டாம்.

மாற்றாமல் அதே போட்டைத் திருத்த முடியாதா?

இரண்டு பழுதுகளுக்கு முடியும். கப்பாசிட்டரின் தலை வீங்கியிருந்தால் அதே கொள்ளளவு, அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை தரம் பார்த்து மாற்றலாம். பயோஸ் கெட்டிருந்தால் 8 கால் சிப்பைப் புரோகிராமரில் வைத்து மறுபடி எழுதலாம். ஆனால் வேறு கணினியிலிருந்து அப்படியே எடுத்த கோப்பை எழுதினால் உள்ளே இருக்கும் இன்டெல் எம்இ (இன்டெல்லின் நிர்வாக மென்பொருள்) பகுதி ஒத்துக்கொள்ளாமல் சரியாக 30 நிமிடத்தில் கணினி தானாக அணையலாம். திருத்தி வாங்கும்போது கடையிலேயே முக்கால் மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். பிராசசர் பின்கள் உடைந்தது, போட் கருகியது: இரண்டும் தேறாது.

கொழும்பில் ஏன் போட்டுகள் இப்படிப் போகின்றன?

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று முக்கிய காரணம். ராம் கால்களிலும் பின்பக்கப் போர்ட்டுகளிலும் பச்சை பூக்கும். கடலைப் பார்த்த ஜன்னலடியில் கணினியை வைக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல். அப்போது பிளக்கோடு இணைய வயரையும் கழற்றவேண்டும், மின்னல் லேன் போர்ட் வழியாகவும் வரும். மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும் அந்த விநாடியும் ஆபத்து.

இன்னொன்று எர்த். பெட்டியைத் தொட்டால் விரலில் சுரீரென்று கடிக்கிறதா? பழைய வீடுகளில் எர்த் வயர் இல்லாத பிளக்கில் பெட்டியின் உலோகம் 230இல் பாதி வோல்ட்டில் மிதக்கிறது. கரண்ட் மிகச் சிறியது, ஆனால் யூஎஸ்பி, திரை வயர் செருகும்போது போர்ட்டுக்கு அது நல்லதல்ல. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சப்ளைகளில் சிவப்பு சுவிட்ச் 115இல் நின்றால், பிளக் செருக முன் 230க்குத் தள்ளுங்கள். மறந்தால் ஒரு ‘டப்’ சத்தமும் புகையும்தான்.

இவ்வளவு பாடுபடத் தகுமா?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0உம் கேட்கிறது, இந்தக் கணினிகள் அந்த வரிசையில் இல்லை. பில் அடிக்க, லினக்ஸ் ஓடவிட, பிள்ளைக்குத் தட்டெழுத்துப் பழக என்றால் மாற்றுங்கள். வங்கி வேலைக்கும் அலுவலகத்துக்கும் என்றால் அந்தக் காசை 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பாவித்த கணினிக்குப் போடுங்கள்.

பழைய போட்டைக் குப்பையில் போடலாமா?

கூடாது, அது மின்கழிவு. பற்றரியைக் கழற்றிவிட்டு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். பின்கள் நல்லாக இருந்தால் திருத்தும் கடைகள் உதிரிக்கு எடுப்பதும் உண்டு, மூடியைப் போட்டுக் கொண்டுபோங்கள்.